யுனைடெட்டின் 42 புள்ளிகள்: துரதிர்ஷ்டம் எவ்வளவு, தவறு எவ்வளவு?

மான்செஸ்டர் யுனைடெட் 2024-25 பிரீமியர் லீக் சீசனை 15-வது இடத்தில் முடித்தது. 38 ஆட்டங்கள், 11 வெற்றி, 9 டிரா, 18 தோல்வி, 42 புள்ளிகள். அடித்தது 44 கோல், வாங்கியது 54. 1973-74-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்களே, அதற்குப் பிறகு லீக்கில் இதுதான் மிக மோசமான இடம். சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் மட்டும் ஒன்பது தோல்வி: லிவர்பூல், டாட்டன்ஹாம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், போர்ன்மவுத், நியூகாசில், பிரைட்டன், கிரிஸ்டல் பேலஸ், உல்வ்ஸ், வெஸ்ட் ஹாம். வந்தவர்களில் பாதிப் பேர் மூன்று புள்ளிகளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சீசன் முடிந்ததும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். ஒரு கட்சி, "எல்லாம் நேரம் சரியில்லை, கோல் போஸ்ட்டில் பட்டதெல்லாம் வெளியே போச்சு" என்றது. இன்னொரு கட்சி, "மேனேஜரைத் தூக்கு, பாதி டீமை வித்துடு" என்றது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கணக்கு இந்த இரண்டு கட்சிக்கும் சாதகமாக வரவில்லை.

அதிர்ஷ்டம் எவ்வளவு தூரம் இழுக்கும்?

கால்பந்தில் கோல்கள் குறைவு. அதனால் ஒரு ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். கிரிக்கெட்டில் 300 ரன்னில் பத்து ரன் தற்செயலாக வந்தால் பெரிய விஷயமில்லை. இங்கே ஒரே ஒரு கோல் தற்செயலாக விழுந்தால் முடிவே மாறிவிடும். ஆனால் 38 ஆட்டங்கள் சேரும்போது?

ஒரு நடுத்தர அணியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்ல 37%, டிரா ஆக 25%, தோற்க 38% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 1.36 புள்ளி. திட்டவிலக்கம் சுமார் 1.3. 38 ஆட்டங்களுக்கு அதை 38-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 8 புள்ளிகள் வரும். அதாவது, அணியின் தரத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வெறும் காசு சுண்டிப் போடுவது போன்ற காரணத்தால் மட்டுமே ஒரு சீசனில் 8 புள்ளி கூடவோ குறையவோ செய்யலாம்.

சரி, அந்த 8 புள்ளியை யுனைடெட்டுக்குக் கொடுத்துவிடுவோம். 42 + 8 = 50. புள்ளிப் பட்டியலில் 50-க்கு எந்த இடம் தெரியுமா? 13-வது. 12-வது இடத்தில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் 53 எடுத்திருந்தது, 13-வது இடத்தில் இருந்த எவர்டன் 48. ஆக, துரதிர்ஷ்டத்தின் தலையில் போடக்கூடியது இரண்டு இடம்தான்.

கோல் வித்தியாசம் சொல்லும் கதை

புள்ளிவிவரப் பிரியர்கள் பயன்படுத்தும் ஒரு கைக்கணக்கு உண்டு. 20 அணிகள் உள்ள லீக்கில் ஒரு அணியின் சராசரிப் புள்ளி சுமார் 52. அதோடு கோல் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட்டினால், அந்த அணி நியாயமாக எடுத்திருக்க வேண்டிய புள்ளி தோராயமாகக் கிடைத்துவிடும்.

2024-25-க்கே சரிபார்ப்போம். சாம்பியன் லிவர்பூலின் கோல் வித்தியாசம் +45. கணக்குப்படி 82 வரவேண்டும், எடுத்தது 84. ஆர்சனல் +35, கணக்கு 75, எடுத்தது 74. மான்செஸ்டர் சிட்டி +28. கணக்கு 71, எடுத்ததும் 71. கடைசி இடத்துக்குப் போன சவுத்தாம்ப்டன் -60. கணக்கு 12, எடுத்ததும் 12. ஒரு வரிச் சூத்திரத்துக்கு இது போதும் போதும்.

இப்போது யுனைடெட். -10 என்றால் 45 புள்ளி வந்திருக்க வேண்டும். எடுத்தது 42. மூன்று புள்ளிதான் குறை. போஸ்ட்டில் பட்ட பந்துகளுக்கான மொத்த நஷ்டஈடு அவ்வளவே.

ஆனால் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டியது அதற்கு முந்தைய சீசன். 2023-24-இல் யுனைடெட் 60 புள்ளியோடு எட்டாவது வந்தது. அடித்தது 57, வாங்கியது 58. கோல் வித்தியாசம் -1. சூத்திரப்படி 51 புள்ளி வரவேண்டிய அணி 60 எடுத்திருக்கிறது. ஒன்பது புள்ளி இனாம்!

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரிந்த சரிவு 60-லிருந்து 42, அதாவது 18 புள்ளி. உண்மையான சரிவு 51-லிருந்து 45, வெறும் 6 புள்ளி. யுனைடெட் 2024-25-இல் திடீரென்று நோயில் விழவில்லை. நோய் ஒரு வருஷம் முன்னாலேயே இருந்தது, காய்ச்சல் மட்டும் இப்போதுதான் வெளியே தெரிந்தது.

இன்னொரு தகவலும் பாருங்கள். அந்த சீசனில் கீழே இறங்கிய மூன்று அணிகள் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன். அவர்களோடு ஆடிய ஆறு ஆட்டங்களில் யுனைடெட் ஐந்தில் ஜெயித்து ஒன்றில் டிரா செய்தது. 16 புள்ளி. மீதி 32 ஆட்டங்களில் 26 புள்ளிதான்! லெஸ்டர் 25 புள்ளியோடு 18-வது வந்ததால் நமக்கு இறங்கும் பயம் வரவில்லை. கொஞ்சம் உருப்படியான மூன்று அணிகள் கீழே இருந்திருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் தூக்கம் போயிருக்கும்.

எடுக்காமல் விட்ட முடிவு

அப்படியென்றால் தவறு எங்கே? என் பார்வையில் அது ஆடுகளத்துக்கு வெளியே, 2024 கோடையில் நடந்தது.

2024 மே 25 அன்று யுனைடெட் எஃப்ஏ கோப்பை இறுதியில் சிட்டியை 2-1 என்று வென்றது. கர்னாச்சோ, மெய்னூ என்று இரண்டு பொடியன்கள் கோல் போட்டார்கள். கொண்டாடினோம், தப்பில்லை. ஆனால் நிர்வாகம் என்ன செய்தது? மேனேஜர் எரிக் டென் ஹாக்கை மாற்றலாமா என்று வாரக்கணக்கில் ஆய்வு செய்தது, வேறு ஆட்களோடும் பேசிப் பார்த்தது, கடைசியில் அவரையே வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஜூலையில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. யோரோ, டி லிக்ட், மஸ்ராவி, உகார்த்தே, ஸிர்க்ஸே என்று 20 கோடி பவுண்டை ஒட்டிய செலவில் அவருடைய ஆட்டமுறைக்கு ஆள் எடுத்தது. அக்டோபர் 28 அன்று, ஒன்பது லீக் ஆட்டங்களில் 11 புள்ளியோடு அணி 14-வது இடத்தில் இருந்தபோது, அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தம் நீட்டித்து நாலு மாசம்கூட ஆகவில்லை.

அடுத்து வந்தவர் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து ரூபென் அமோரிம். சீசன் முடிந்து வருகிறேன் என்றுதான் கேட்டார். இப்போது வந்தால் வா, இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய ஆட்டமுறை 3-4-3. பின்னால் மூன்று தடுப்பாளர்கள், இரண்டு ஓரங்களிலும் ஆடுகளத்தின் முழு நீளத்துக்கும் ஓடக்கூடிய விங்-பேக்குகள். யுனைடெட்டிடம் இருந்ததோ ராஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, ஆன்டனி என்று விங்கர்கள் கூட்டம். விங்-பேக் என்று சொல்லத்தக்க ஆள் கிடையாது. வலது கால் டாலோ இடது ஓரத்தில் ஓடினார், விங்கரான அமாத் வலது ஓரத்தில் தடுப்பு வேலையும் சேர்த்துப் பார்த்தார். இடது விங்-பேக் டோர்குவை வாங்கியதே பிப்ரவரி வாக்கில்தான்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, சர்வரை நிறுத்தாமல், அடித்தளத்தை மொத்தமாக மாற்றுவது. செய்ய முடியாத காரியமில்லை. ஆனால் அதற்குச் சோதித்துப் பார்க்க அவகாசம் வேண்டும். அமோரிமின் முதல் ஆட்டம் நவம்பர் 24. அன்றிலிருந்து ஜனவரி 30 வரை 68 நாட்களில் 18 ஆட்டங்கள். ஏறக்குறைய நாலு நாளுக்கு ஒன்று. பயணம், ஓய்வு போக, புதுமுறையைப் பயிற்சி மைதானத்தில் சொல்லிக்கொடுக்க எங்கே நேரம்?

விளைவு: டென் ஹாக்கும் இடைக்காலத்தில் வான் நிஸ்டல்ரூயும் பார்த்த 11 லீக் ஆட்டங்களில் 15 புள்ளி. அமோரிம் பார்த்த 27 ஆட்டங்களில் 27 புள்ளி. ஆட்டத்துக்குச் சரியாக ஒரு புள்ளி. அமோரிம் மேலும் தவறு உண்டு; பிடிவாதமாக ஒரே முறையை விடாமல் ஆடினார், கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றவில்லை. ஆனால் இவர் இப்படித்தான் ஆடுவார் என்பது ஸ்போர்ட்டிங்கில் எல்லோரும் பார்த்ததுதானே. தெரிந்துதான் கூட்டிவந்தார்கள்.

கிளப்பை விட்டுப் போனவர்களையும் பாருங்கள். 2024 ஆகஸ்டில் விற்கப்பட்ட மெக்டாமினே அதே சீசனில் நாப்போலியோடு இத்தாலி லீக் சாம்பியன், அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. கடனுக்கு அனுப்பப்பட்ட ஆன்டனி பெட்டிஸ் அணியோடு ஐரோப்பிய இறுதி ஆட்டம் வரை போனார். யுனைடெட்டின் முதல் தேர்வு சென்டர் ஃபார்வர்டு ஹொய்லண்ட் லீக்கில் போட்டது நாலு கோல்.

ஐரோப்பா லீக் என்ற மயக்கம்

இதே அணி ஐரோப்பா லீக்கில் இறுதிக்கு முன் 14 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஏப்ரல் 17 லியோன் ஆட்டத்தை மறக்க முடியுமா? நம் ஊரில் நள்ளிரவு 12:30-க்கு ஆரம்பம். கூடுதல் நேரத்தில் 2-4 என்று பின்தங்கி, 114, 120, 121-வது நிமிடங்களில் மூன்று கோல். மெக்வயர் தலையால் முட்டிய அந்தக் கடைசி கோலுக்கு நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஆனால் நாக்-அவுட் போட்டி என்பது சிறிய மாதிரி. அதிர்ஷ்டத்துக்கு அங்கே கை நீளம். மே 21, பில்பாவோவில் இறுதி. எதிரே லீக்கில் 17-வது இடத்தில் இருந்த டாட்டன்ஹாம். 42-வது நிமிடம் பிரென்னன் ஜான்சன் கோல், 0-1. அந்த சீசனில் டாட்டன்ஹாமோடு ஆடிய நாலு ஆட்டத்திலும் தோல்வி. சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் போச்சு, அடுத்த சீசனுக்கு ஐரோப்பாவில் எந்தப் போட்டியும் இல்லை. ஒரு முழு சீசனை ஒரு ராத்திரி ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டும் நிலைக்கு வந்ததே தோல்விதான்.

பில் யாருக்கு வந்தது?

என்னை உண்மையில் கோபப்படுத்தியது தோல்விகள் இல்லை.

டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும், ஐந்தே மாதத்தில் வெளியேறிய விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தையும் அனுப்பியதற்கு கிளப் கணக்கில் காட்டிய செலவு 1.45 கோடி பவுண்ட். அதே சீசனில் உறுப்பினர்களுக்கான மீதி டிக்கெட்டுகளின் விலையை 66 பவுண்ட் ஆக்கினார்கள். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையும் போனது. 1.45 கோடியை 66-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 2.2 லட்சம் டிக்கெட். ஓல்ட் டிராஃபோர்டை மூன்று முறை நிரப்பலாம்.

2024-இல் 250 வேலைகளைக் குறைத்தார்கள். 2025 பிப்ரவரியில் இன்னும் 200 வரை குறைப்போம் என்றார்கள். ஊழியர்களுக்குக் கொடுத்துவந்த இலவச மதிய உணவையும் நிறுத்தினார்கள். டிக்கெட் கிழிப்பவரும் சமையல்கட்டில் நிற்பவரும் 3-4-3 வேண்டும் என்று கேட்டார்களா? முடிவெடுத்தவர்கள் ஒரு பக்கம், விலை கொடுத்தவர்கள் மறுபக்கம்.

சரி, இனி என்ன பார்ப்பது?

"ஃபெர்குசனுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான், பொறுமை வேண்டும்" என்பார்கள். உண்மைதான். 1986 நவம்பரில் வந்த ஃபெர்குசனின் முதல் நாலு சீசன்கள் 11, 2, 11, 13. லீக் பட்டம் வந்தது 1993-இல். ஆனால் பொறுமை காட்டப்பட்டு ஒன்றும் சாதிக்காமல் போன மேனேஜர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. ஜெயித்தவர் கதை மட்டும் நம் கையில் இருக்கிறது. பொறுமை மட்டும் போதாது. எதற்காகப் பொறுமை என்று தெரிய வேண்டும்.

அதனால் அடுத்த சீசனில் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். 19 ஆட்டங்கள் முடிந்ததும் கோல் வித்தியாசத்தைப் பாருங்கள். +8, +10 என்று இருந்தால், பட்டியலில் எட்டாவது இடத்தில் இருந்தாலும் வழி சரி, பொறுத்துக்கொள்ளலாம். -1, -2 என்று வைத்துக்கொண்டு நாலாவது இடத்தில் இருந்தால், தயவுசெய்து கொண்டாடாதீர்கள். அப்போதுதான் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டும். 2024 மே மாதம், கோப்பை கையில் இருந்தபோது, அந்த -1-ஐ யாராவது உரக்கப் படித்திருந்தால் போதும். பாதிப் பணமும் பலருடைய வேலையும் மிஞ்சியிருக்கும்.