காதுக்கு ஓர் அனுமதி, கண்ணுக்கு ஓர் அனுமதி

வானத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒன்றையொன்று உரசாமல் பறக்கின்றன. தரையில் இறங்கி, சக்கரத்தில் மெதுவாக ஊர்ந்துபோகிற நேரத்தில் போய் ஏன் மோதிக்கொள்ள வேண்டும்? ஹனேடா விபத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ரேடியோ இருக்கிறது, ராடார் இருக்கிறது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கண்விழித்து வேலை பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இருந்தும் 2024 ஜனவரி 2 அன்று மாலை டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் அது நடந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 விமானம் 379 பேருடன் இறங்கியபோது, அதே ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படையின் சிறிய விமானத்தின் மீது மோதியது. பெரிய விமானம் எரிந்து போனாலும் அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். முந்தைய நாள் நோட்டோ தீபகற்பத்தைக் குலுக்கிய நிலநடுக்கத்துக்காக நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர்கள் அவர்கள்.

அந்தச் சிறிய விமானம் அழைத்தபோது கோபுரம் சொன்னது இவ்வளவுதான்: நம்பர் ஒன், சி5 ஹோல்டிங் பாயின்ட் வரை வரவும். ஹோல்டிங் பாயின்ட் என்பது, விமானங்கள் ஊர்ந்துபோகும் பாதையான டாக்ஸிவேயிலிருந்து ஓடுபாதைக்குள் நுழைவதற்கு முன் நிற்க வேண்டிய இடம். பெரிய நிலையங்களில் ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் போலத் தள்ளியிருக்கும். தரையில் குறுக்காக நான்கு மஞ்சள் கோடுகள் போட்டிருப்பார்கள். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக்கோடு நம் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. விட்டுவிட்டுப் போட்ட கோடு நம் பக்கம் இருந்தால், நாம் ஓடுபாதையைவிட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறோம், நிற்காமல் தாண்டலாம்.

விமானி அந்த உத்தரவைத் திருப்பிச் சொன்னார். சி5 ஹோல்டிங் பாயின்ட், நம்பர் ஒன், நன்றி. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பிறகு கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போய், ஏறக்குறைய 40 வினாடி அங்கேயே நின்றார். நுழைய அனுமதி கிடைத்துவிட்டது என்றே அவர் நம்பியிருந்தார்.

இந்த விபத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த இடம்தான். கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்வதற்கு ரீட்பேக் என்று பெயர். ஓடுபாதை சம்பந்தப்பட்ட எந்த உத்தரவையும் விமானி தன் அழைப்புப் பெயரோடு திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். கோபுரத்தில் இருப்பவர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தரைப் போக்குவரத்தின் பாதுகாப்பில் பாதி இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

வீட்டில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் அம்மா செய்வதும் இதைத்தான். “அரை கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ வெல்லம். எங்கே, சொல்லு பார்ப்போம்?” பிள்ளை கிளிபோலச் சொல்லிவிடும். எதை நழுவவிட்டாலும் அந்த நொடியே தெரிந்துவிடும். ஆனால் “கடை வாசல்ல போய் நில்லு, அப்பா வந்ததும் சேர்ந்து உள்ளே போங்க. வரிசையில நீதான் முதல் ஆள்” என்று சொல்லி அனுப்பினால்? பிள்ளை இதையும் வரி மாறாமல் ஒப்பிக்கும். ஆனால் வீட்டில் விருந்தாளி காத்திருக்கிறார், நேரம் ஆகிறது என்ற பரபரப்பில் இருக்கும் பிள்ளையின் மனதில் ‘முதல் ஆள்’ மட்டும் தங்கும், ‘வாசல்ல நில்லு’ கரைந்துபோகும். நேரே கடைக்குள் போய் நிற்கும். திருப்பிச் சொல்ல வைத்தபோது அம்மா சோதித்தது காதையும் நாக்கையும்தான். மனதுக்குள் என்ன பதிந்தது என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை.

ஹனேடாவில் ‘நம்பர் ஒன்’ என்றால் புறப்படும் வரிசையில் முதலாவது என்று மட்டுமே பொருள். நிவாரணப் பணி என்பதால் நமக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஏ350 இறங்குவதற்கான அனுமதியைக் கோபுரம் தந்து முடித்த சில வினாடிகளுக்குப் பிறகுதான் சிறிய விமானம் கோபுரத்தோடு பேசத் தொடங்கியது. ஒரே அலைவரிசையில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டே விமானிகள் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற படத்தை மனதில் வரைந்துகொள்கிறார்கள். இவர்கள் வரைந்த படத்தில் ஓடுபாதை காலியாக இருந்திருக்க வேண்டும்.

இது அபூர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜனவரி 13 அன்று நியூயார்க்கின் கென்னடி நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 777-ஐ, 31எல் ஓடுபாதையைக் கடந்து வரச் சொன்னார்கள். அவர்களும் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கடக்கக் கூடாத 4எல் ஓடுபாதையைக் கடந்தார்கள். அதில் டெல்டாவின் 737 புறப்பாட்டு ஓட்டத்தில் இருந்தது. கோபுரம் பதறிப்போய் அனுமதியை ரத்து செய்ய, டெல்டா விமானம் பிரேக் போட்டு, 777 கடந்த இடத்துக்குச் சுமார் 1,000 அடி முன்னால் நின்றது. விசாரணை முடிவு தெளிவாக இருந்தது: டாக்ஸி செய்துகொண்டே வேறு வேலைகளையும் சேர்த்துப் பார்த்ததில் விமானிகளின் கவனம் சிதறிவிட்டது.

டாக்ஸி நேரம் எவ்வளவு நெருக்கடியானது என்பது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணிக்குத் தெரியாது. கேப்டனின் கை பக்கவாட்டில் இருக்கும் சிறிய சக்கரத்தில் இருக்கும். முன்சக்கரத்தைத் திருப்புவது அதுதான். துணை விமானி ரேடியோவில் பேச வேண்டும், நிலைய வரைபடத்தில் விரல் வைத்துத் திருப்பங்களை எண்ண வேண்டும், எடைக் கணக்கு மாறியிருந்தால் கணினியில் எண்களை மாற்ற வேண்டும், செக்லிஸ்ட் வாசிக்க வேண்டும். குனிந்து எண்ணைத் தட்டும் அந்தச் சில வினாடிகளில் வெளியே பார்க்க ஒரே ஒரு ஜோடிக் கண்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் நல்ல விமானிகள் கிளம்பும் முன்பே, நின்றுகொண்டிருக்கும்போதே, வழியை எழுதிவைத்துக்கொண்டு, எந்தெந்த ஓடுபாதையைக் கடக்க வேண்டும், குழப்பம் தரும் சந்திப்பு எது என்று இருவருமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். ஓடுபாதையை நெருங்கியதும் மற்ற வேலைகள் நிற்கும். அனுமதி கிடைத்த பிறகும் “இடது பக்கம் க்ளியர்”, “வலது பக்கம் க்ளியர்” என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகே விமானம் நகரும். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பின்னால் எத்தனை விமானம் காத்திருந்தாலும் சரி.

வரலாறு நீளமானது, துயரமானது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததும், 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே நிலையத்தில் சிறிய ஜெட் ஒன்று மூடுபனியில் தவறான டாக்ஸிவேயில் திரும்பி, ஓடுபாதைக்குள் போய் மோதியதில் 118 பேர் இறந்ததும் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லப்படுகின்றன. டெனெரிஃபுக்குப் பிறகு, புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. லினாட்டேயில் தரை ராடார் அன்று இயங்கவில்லை.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: ஸ்டாப் பார். அந்த மஞ்சள் கோடுகளின் இடத்திலேயே, டாக்ஸிவேயின் குறுக்கே, தரைக்குள் புதைத்த சிவப்பு விளக்குகளின் வரிசை. விளக்குக்கு விளக்கு மூன்று மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்காது. ஓடுபாதையை நோக்கி வருகிறவர் கண்ணுக்கு மட்டுமே சிவப்பு தெரியும். சிவப்பு எரியும்வரை, அதற்கு அப்பால் குறைந்தது 90 மீட்டருக்கு நடுக்கோட்டின் பச்சை விளக்குகள் அணைந்தே கிடக்கும். அதாவது முன்னே பாதையே தெரியாது. கோபுரத்திலிருந்து வாய்மொழியாக அனுமதி வரும். கூடவே அங்கிருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். சிவப்பு அணையும், அதே நொடியில் பச்சைப் பாதை எரியத் தொடங்கும். விமானம் தாண்டிப் போனதும் தரையிலுள்ள உணரி அதைக் கண்டுகொண்டு சிவப்பை மறுபடி ஏற்றிவிடும். பின்னால் வருகிறவர் தொற்றிக்கொண்டு போக முடியாது. விமானிகளுக்கு விதி ஒன்றுதான்: கோபுரமே “போ” என்று சொன்னாலும், சிவப்பு எரிந்தால் போகாதே.

கடைக்குப் போகும் பிள்ளையின் கையில் கணக்கு நோட்டைக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம் இது. பிள்ளை வாயால் என்ன கேட்டாலும் அண்ணாச்சி நோட்டைத் திறந்து பார்ப்பார். அம்மா எழுதியதும் பிள்ளை சொல்வதும் பொருந்தினால்தான் தராசில் பருப்பு ஏறும். காதில் பிசகியது கண்ணில் பிடிபட்டுவிடும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வழியில் வருகின்றன. அண்ணாச்சி ஒருநாள், “நோட்டு இல்லாட்டி பரவாயில்லை, வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டால் நோட்டுக்கு அன்றோடு மதிப்புப் போய்விடும்.

ஸ்டாப் பாருக்கும் அதே ஆபத்துதான். விளக்குப் பழுதாகிச் சிவப்பு அணைய மறுத்தால், “பரவாயில்லை, தாண்டி வாருங்கள்” என்று சொல்லும் பழக்கம் ஒரு நிலையத்தில் வேரூன்றினால் சிவப்புக்கு மரியாதை போய்விடும். ஆகவே பழுதான விளக்கை முற்றிலும் அணைக்க வேண்டும், அல்லது வேறு வழியாக விமானத்தை அனுப்ப வேண்டும்.

ஹனேடாவில் சி5 முனையில் ஸ்டாப் பார் உண்டு. பராமரிப்புக்காக அன்று நிறுத்திவைத்திருந்தார்கள். அதைவிட உறுத்துவது வேறொன்று. அது வேலைசெய்திருந்தாலும் அன்று எரிந்திருக்காது. பனிமூட்டம்போலப் பார்வைத் தூரம் குறையும் நேரத்துக்கு மட்டுமே அதை ஒதுக்கிவைத்திருந்தார்கள். அன்றைய இரவு தெளிவாக இருந்தது. கோபுரத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு விமானத்துக்கும் பொத்தான் அழுத்துவது கூடுதல் வேலை என்பது உண்மைதான். ஆனால் அந்த விமானி தவறியது பார்வை மறைத்ததால் அல்ல. மனப்பிசகு வானிலை பார்த்து வருவதில்லை. ஐரோப்பாவின் ஓடுபாதைப் பாதுகாப்புத் திட்டம் 24 மணி நேரமும் ஸ்டாப் பாரைப் பயன்படுத்துவதைப் பரிந்துரைக்கிறது. சரியான பரிந்துரை, என் ஆசையும் அதுதான்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று பேச்சு கிளம்புகிறது. அதை அவ்வளவு சுலபமாக நம்ப நான் தயாராக இல்லை. ஹனேடா கோபுரத்தில் எச்சரிக்கைத் திரை ஏற்கெனவே இருந்தது. இறங்கும் விமானம் நெருங்கும்போது ஓடுபாதையில் வேறொன்று நுழைந்தால் திரையில் நிறம் மாறும். அன்றும் மாறியது. யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கவனம் மற்ற விமானங்கள் மேல் இருந்தது. கருவி கண்டுபிடித்த செய்தி, அது தேவைப்படும் ஆளிடம், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே போய்ச் சேர வேண்டும். விபத்துக்குப் பிறகு அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஆளை நியமித்தார்கள். வரிசை எண் சொல்வதையும் நிறுத்திவைத்தார்கள்.

ஸ்டாப் பாருக்கு எட்டாத தவறும் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று டெல்லியில், இறங்கி முடித்த விஸ்தாரா விமானத்துக்குப் பக்கத்து ஓடுபாதையைக் கடக்க அனுமதி கிடைத்தது. அதே ஓடுபாதையில் இன்னொரு விஸ்தாரா விமானத்துக்குப் புறப்படவும் அனுமதி கிடைத்திருந்தது. கடக்க வேண்டிய விமானத்தின் கேப்டன் கவனித்துக் கோபுரத்தை எச்சரித்தார், புறப்பாடு ரத்தானது. இங்கே தவறு கோபுரத்தில். ஸ்டாப் பாரின் பொத்தானும் அதே கோபுரத்தின் கையில்தான்.

அதற்கென்று இன்னொரு விளக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2005 முதல் டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் நிலையத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு பல பெரிய நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். இதற்குப் பொத்தானே கிடையாது. தரை ராடாரும் விமானங்கள் தாமே அனுப்பும் டிரான்ஸ்பான்டர் குறிகளும் தரும் தகவலை வைத்து, ஓடுபாதையில் வேகமாக வருகிற விமானம் ஏதாவது இருந்தால், அதைச் சந்திக்கும் டாக்ஸிவேக்களின் நடுக்கோட்டில் தானாகவே சிவப்பு எரியும். வந்த விமானம் அந்த முனையைத் தாண்டப்போகும் தருவாயில் அங்கே மட்டும் அணையும். அணைந்தால் போகலாம் என்று பொருளில்லை. அனுமதி கோபுரத்திடம்தான் வாங்க வேண்டும். எரிந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு: யார் அனுமதித்திருந்தாலும் நில். விபத்துக்குப் பிறகு ஜப்பானில் அமைத்த ஆய்வுக் குழு இந்த விளக்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. தரையைத் தோண்டிப் பதிக்க வேண்டிய விளக்கு, அதுவும் இரவு பகலாக விமானம் இறங்கும் நிலையத்தில். வேலை முடியக் காலம் பிடிக்கும்.