சாவா மூவா நினைவு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் குடும்பங்களின் அலுவலக அறைக்குள் நுழைந்தால், சுவாமி படங்களுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் மாலையிட்ட ஒரு பெரியவரின் படம். நிட்டிங் எந்திரத்தின் இரைச்சலிலும் கட்டிங் மேசையின் முன்னும் நின்று தொழில் பழகி, சிறுகச் சிறுகச் சேர்த்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் போனவர். மகன்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் அப்பாரு. மகள்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு அப்புச்சி. காலையில் கதவைத் திறந்ததும் சுவாமிக்கு ஏற்றும் ஊதுவத்தியில் ஒன்று அவருக்கும் உண்டு.

திதி வந்தால் மகன்கள் கொடுமுடிக்கோ, பவானி கூடுதுறைக்கோ, பேரூருக்கோ செல்கிறார்கள். எள்ளும் நீரும் இறைத்து, தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையினரையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். மகனுக்கு இன்ன கடமை என்று முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐம்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி அன்று என்ன செய்கிறார்? படையலுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளறையில் தனியே அமர்ந்திருக்கிறார். பேத்தியின் வளைகாப்பில் முன்னால் வரத் தயங்குகிறார். ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு அழைத்தாலும், ‘நீங்கள் போய் வாருங்கள்’ என்கிறார். ‘அவருக்குப் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?’ என்பதே அத்தகைய தாய்மார் பலரின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோழ நாட்டு அரசி ஒருவர் தம் வாழ்க்கையால் விடை சொல்லியிருக்கிறார். அவர் செம்பியன் மாதேவியார்.

அவருடைய கணவர் கண்டராதித்த சோழர், முதலாம் பராந்தகரின் மைந்தர். மன்னராக இருந்தும் அவர் மனம் தில்லைக் கூத்தனிடமே இருந்தது. அவர் பாடிய தில்லைப் பதிகம் ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவாக இடம் பெற்றிருக்கிறது. பொன்னம்பலத்துக்குப் பொன் வேய்ந்த தம் தந்தையை அப்பதிகத்திலேயே அவர் போற்றுகிறார். தந்தைக்கு அந்த மகன் செலுத்திய நினைவஞ்சலி அது.

சில ஆண்டுகளே ஆட்சி செய்த கண்டராதித்தர், கி.பி. 957-ஐ ஒட்டி மறைந்தார். மகன் உத்தம சோழர் அப்போது சிறு பிள்ளை. அரியணை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. கணவரும் இல்லை, பட்டமும் இல்லை, கையில் ஒரு குழந்தை. அந்தப்புரத்தின் ஓர் அறையில் முடங்கிவிட இதைவிடக் காரணம் வேண்டுமா? மாதேவியார் முடங்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிவாலயத் திருப்பணியே வாழ்வாகக் கொண்டார். விருத்தாசலம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிக்காவல், திருவாரூர் அரநெறி எனப் பல தலங்களில் கற்றளிகள் எழுந்தன. திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் புதுப்பித்தபோது, அங்கே சிதறிக் கிடந்த கற்களில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். யாரோ என்றோ கொடுத்த கொடையும் மறைந்துவிடக் கூடாது என்ற கருணை அது. இழப்பின் வலி அறிந்தவருக்கே அந்தக் கருணை வரும்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே உள்ள கோனேரிராஜபுரத்தின் பழம்பெயர் திருநல்லம். அங்குள்ள கற்றளியைத் தம் கணவரின் திருப்பெயரால் எடுப்பித்தார் மாதேவியார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் ஒன்று அக்கோயிலில் இருக்கிறது. இன்னார் என்று சொல்லும் கல்வெட்டும் உடன் உள்ளது. அந்தச் சிற்பத்தில் அவர் போர்க்களத்திலும் இல்லை, அரியணையிலும் இல்லை. எந்த இடத்தில் தம் கணவர் மகிழ்ந்திருந்தாரோ, அந்தச் சிவசந்நிதியிலேயே அவரை நிலையாக நிறுத்திவிட்டார் அந்த அம்மையார்.

பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என்று ஆயிற்று. உத்தம சோழரின் மகனுக்குக் கண்டராதித்தன் என்றே பெயர் விளங்கியது. அந்த மதுராந்தகன் கண்டராதித்தன், இராஜராஜ சோழரின் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் உயர் அதிகாரியாகப் பணியாற்றினார். தாத்தாவின் பெயரோடு அவருடைய பணியும் பேரனிடம் வந்து சேர்ந்தது. மாமியாரை மருமக்களும் மறக்கவில்லை. மாதேவியாரின் பெயரால் அமைந்த ஊரிலுள்ள கைலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் வழிபாடும் உணவும் நடைபெற உத்தம சோழரின் தேவியர் நிவந்தம் அளித்தனர்.

அக்காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிய, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடுகள் கழிந்தாலும் குட்டிகள் பிறந்து எண்ணிக்கை நிறைந்தே இருக்கும். ஆதலால் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன. முதல் குறையாது, விளக்கும் அணையாது.

இன்றைய அன்னதானக் கட்டளையும் இதே ஏற்பாடுதான். தமிழகத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் ஒரு தொகையை வைப்பாகச் செலுத்தினால், அதன் வட்டியில் குறித்த நாளில் ஆண்டுதோறும் அடியார்கள் உண்பார்கள். அவிநாசியப்பர் சந்நிதியிலோ, திருப்பூர் விசுவேசுவரர் சந்நிதியிலோ கணவரின் பெயரால் ஒரு விளக்கு ஏற்றுவதும் யாராலும் இயலும். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மகனின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. உள்ளறையிலிருந்து எழுந்து வர வேண்டும், அவ்வளவே.

இன்னும் ஒன்று உண்டு. அதை மனைவியால் மட்டுமே செய்ய முடியும். படத்திலுள்ள அப்பாரு சிரித்தால் எப்படி இருக்கும், எதற்குக் கோபப்படுவார், முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினார் என்பதெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. கொடுமுடியிலிருந்து மகன்கள் திரும்பி, காக்கைக்குச் சோறு வைத்த பின், அந்தப் பிள்ளைகளை அருகே அமர்த்திச் சொல்ல வேண்டியவர் அவர்தாம். மகன் இறைத்த நீரோடு திதி முடிந்துவிடுவதில்லை. பாட்டி சொல்லத் தொடங்கும்போதுதான் அது பேரனைச் சென்று சேர்கிறது.