வண்டிக் கதவுக்கும் வடிகால் உண்டு



இன்றைக்கு நாம் பேசப் போவது பயிரைப் பற்றி அல்ல. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகிற வண்டியைப் பற்றி. படப்பை, மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்திலிருந்து கீரையும் கத்தரியும் வெண்டையும் விடியற்காலையில் சின்ன லோடு வண்டிகளில்தான் தாம்பரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் போகின்றன. மாட்டு வண்டி இருந்த காலத்தில் அச்சுக்கு மை போடுவது, கடையாணி பார்ப்பது எல்லாம் நாமே செய்து கொண்டோம். இப்போது கதவுக் கண்ணாடி ஏறவில்லை என்றால்கூடப் பட்டறைக்கு ஓடுகிறோம். அங்கே அரை நாள் போகிறது. அன்றைய சந்தையும் போகிறது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றத் தெரிந்தால் இதில் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்து விடலாம். இந்த அட்டையைத்தான் பட்டறையில் டோர் பேட் என்று சொல்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். மழை பெய்தால் கதவுக்குள்ளே தண்ணீர் போகத்தான் செய்யும். அது வண்டியின் குறை அல்ல. கதவு என்பது இரண்டு தகடு, நடுவிலே கூடு. அந்தக் கூட்டுக்குள்தான் கண்ணாடி இறங்குகிறது. கண்ணாடி ஓரத்தில் இருக்கும் ரப்பர் பீடிங் பாதித் தண்ணீரைத் தடுக்கும்; மீதி கண்ணாடியோடு வழிந்து உள்ளே இறங்கும். அப்படி இறங்கிய தண்ணீர் வெளியேறக் கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். வயலுக்கு வடிகால் வைக்கிற மாதிரிதான். உள்தகட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அது தண்ணீர் நம் பக்கம் வராமல் தடுக்கும் வரப்பு. அதற்கும் மேலேதான் டோர் பேட்.

இந்த அமைப்பு புதிதல்ல. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு காரிலும் இதே கூடு, இதே துளைதான். மறைமலைநகரில் 1999 முதல் 2022 வரை வெளிவந்த ஃபோர்டு கார்களிலும் அதுதான். நம்முடைய லோடு வண்டியிலும் அதுவேதான்.

வடிகால் தூர்ந்து போனால் என்ன ஆகும்? புழுதி, வேப்பிலைச் சருகு, வைக்கோல் தூசி எல்லாம் கண்ணாடி ஓரமாக உள்ளே விழுந்து, சேறாகி, துளையை அடைத்துக் கொள்ளும். தண்ணீர் உள்ளேயே நிற்கும். நின்ற தண்ணீர் வயலில் வேரை அழுக வைக்கிறது. கதவில் தகட்டைத் தின்கிறது. துரு உள்ளிருந்து வெளியே வருவதால், பெயிண்ட் கொப்புளித்து நம் கண்ணில் படும்போது தகடு பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும். அப்புறம் டிங்கரிங், பெயிண்ட் என்று செலவு ஆயிரக் கணக்கில் போகும். பூட்டும் துருப்பிடித்தால் கதவு சரியாகச் சாத்தாது. ஓட்டத்தில் திறந்து கொண்டாலும் ஆச்சரியமில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதி மறக்காது. டிசம்பர் 2-ம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியில் தண்ணீர் வடிந்த பிறகும் கதவுக்குள்ளே வண்டல் தங்கி விடும். வெளியே கழுவித் துடைத்தால் மட்டும் போதாது. கதவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ளம் வராவிட்டாலும் சில அடையாளங்கள் உண்டு. கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் ‘களக் களக்’கென்று குலுங்கும். மழை விட்ட மறுநாளும் காலடி மேட்டு ஈரமாக இருக்கும். கண்ணாடி கனமாக ஏறும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

இனி வேலை முறையைப் பார்ப்போம். ஸ்டார் திருப்புளி ஒன்று, தட்டைத் திருப்புளி ஒன்று, பழைய துணி, நாலைந்து புதுக் கிளிப்புகள். இவ்வளவு போதும். கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் கிளிப் இரண்டாவது உடையாமல் இராது.

வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணாடியை முழுக்க ஏற்றி விடுங்கள். சுவிட்சில் ஏறி இறங்கும் கண்ணாடியானால், ஏற்றிய பிறகு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி விடவும். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களின் கதவில் நாம் கை வைக்க வேண்டாம்; அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அடுத்து, ஸ்க்ரூக்களைத் தேட வேண்டும். கதவை இழுத்துச் சாத்தும் பிடிக்குள்ளே, திறக்கும் நெம்புக்குப் பின்னால், சின்னப் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் என்று ஒளிந்திருக்கும். இதில் ஒன்றை விட்டு விட்டு இழுத்தால் அட்டை கிழியும். ஆகவே, ‘வரமாட்டேங்குதே’ என்று பலம் காட்டாதீர்கள். வரவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

கையால் சுற்றும் கைப்பிடி இருந்தால், அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவனித்துக் கொள்ளுங்கள். சில வண்டிகளில் நடுவே ஒரு ஸ்க்ரூ இருக்கும். பலவற்றில் லாடம் போல வளைந்த கம்பிக் கிளிப் பின்னால் மறைந்திருக்கும். துணியை நாடா போல முறுக்கி, கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம் அறுப்பது போல இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வரும். முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக் கொள்ளவும்.

பிறகு அட்டையின் கீழ் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். தட்டைத் திருப்புளியின் நுனியில் துணி சுற்றி, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டு மெதுவாக நெம்பவும். ஒவ்வொரு கிளிப்பாக ‘டப்’ என்று விடும். எல்லாம் விட்டதும் வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள், மேலே தூக்குங்கள். அட்டையின் மேல் விளிம்பு கண்ணாடிப் பள்ளத்தில் தொங்கிக் கொண்டிருக்கிறது. பின்னால் ஒயரோ கம்பியோ இருந்தால் அதைக் கழற்றிய பிறகே அட்டையை அப்பால் எடுக்க வேண்டும்.

இப்போது பிளாஸ்டிக் தாள். சிலர் இது பேக்கிங் தாள் என்று நினைத்துக் கிழித்துப் போட்டு விடுகிறார்கள். காலடியில் தண்ணீர் வருவதற்கு இதுதான் பெரிய காரணம். கறுப்புப் பசையோடு ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, பத்திரமாக எடுத்து வையுங்கள்.

உள்ளே கை விடும்போது கவனம் வேண்டும். தகட்டின் ஓரம் அரிவாள் மாதிரி கூராக இருக்கும். தென்னை ஈர்க்குச்சியால் அடித்துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சேற்றை அள்ளி எடுத்து விட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். துளை வழியாகத் தாராளமாக வடிந்தால் சரி. அரை நாள் நன்றாகக் காயட்டும். கண்ணாடி மெஷினின் பல்லுக்கும் கீலுக்கும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் ஓடும் இடத்தில் கிரீஸோ பழைய இஞ்சின் ஆயிலோ வேண்டாம்; அவை ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். அங்கே ஈரத் துணியால் துடைத்தாலே போதும். மெஷினைக் கழற்றுவதானால் முதலில் கண்ணாடியை மேல் சட்டத்தோடு சேர்த்து டேப்பால் ஒட்டி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி கை மேல் விழும்.

மாட்டும்போது பிளாஸ்டிக் தாளின் கீழ் ஓரம் தகட்டுக்கு உள்பக்கமாக இறங்கி இருக்கட்டும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் கூட்டுக்குள்ளேயே விழும். தாள் கிழிந்திருந்தால் கனமான பாலிதீன் தாளை அதே அளவுக்கு வெட்டி ஒட்டலாம். அட்டையின் மேல் விளிம்பை முதலில் மாட்டி, கண்ணாடி ஏறி இறங்குகிறதா, பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்து விட்டு, அப்புறம் கிளிப்புகளைக் கையால் அழுத்தி, ஸ்க்ரூக்களைப் போடுங்கள்.

அட்டையைக் கழற்றுவது அடிக்கடி தேவைப்படாது. ஆனால் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னே, புரட்டாசியிலேயே ஒரு நாள், நான்கு கதவானாலும் இரண்டு கதவானாலும் அடித்துளைகளை வெளியிலிருந்து ஈர்க்குச்சியால் ஒரு தடவை குத்தி விடுங்கள். ஏரி மதகைப் பார்க்கிற அதே நாளில் வண்டிக் கதவையும் பார்த்து விட்டால் மறக்காது.