கவுதாரிக்குக் கண்ணி வைத்தால் நஷ்டம் யாருக்கு?

மானாவாரி நிலக்கடலை விதைத்து இருபது நாள் ஆன ஒரு காட்டில், பென்னாகரம் பக்கம், மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். வரப்போரத்தில் இரண்டு கவுதாரிகள் காலைக் கட்டிப் போட்டிருந்தன. விடியற்காலையில் நைலான் கண்ணியில் விழுந்தவை. நிலத்துக்காரருக்கு அறுபது வயதிருக்கும். "எங்க சின்ன வயசுல கவுதாரி கத்துற சத்தத்துலதான் சார் எழுந்திருப்போம். இப்ப ரெண்டு புடிக்க மூணு நாள் காத்துக் கெடக்கணும்" என்றார். அடுத்து அவர் கேட்ட கேள்வி இது: "கரையான் வேர கடிக்குது, கம்பளிப்புழுவும் வந்துருச்சு. என்ன மருந்து சார் போடலாம்?"

ஒரே மூச்சில் அவர் சொன்ன இந்த இரண்டு விஷயங்களுக்கும் தொடர்பு உண்டு. கவுதாரியின் தீனியில் களை விதையும் சிந்திய தானியமும் இருக்கும். அதோடு கரையான், வண்டு, எறும்பு, வெட்டுக்கிளி ஆகியவையும் முக்கியப் பங்கு வகிக்கின்றன. செம்மண் மானாவாரி நிலத்தில் கரையானைக் கிளறித் தின்னும் பறவையைக் கண்ணி வைத்துப் பிடித்துவிட்டு, அதே கரையானுக்குக் கடையில் குருணை வாங்குகிறோம். ஒரு வேளைக் குழம்புக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

பறவை செய்யும் வேலை என்ன?

நம் மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரி. ராகி, சாமை, நிலக்கடலை, துவரை, கொள்ளு, அவரை என்று மழையை நம்பிச் செய்யும் வெள்ளாமையில் பூச்சி மருந்துக்கு அதிகம் செலவழிக்கக் கட்டுப்படியாகாது. இப்படிப்பட்ட நிலத்தில்தான் பறவைகளின் உதவி அதிகம் தேவை.

சிவப்புக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொள்வோம். இதன் கூண்டுப்புழு மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். முதல் நல்ல மழை பெய்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வந்து முட்டையிடும். கோடை உழவு செய்தால் இந்தக் கூண்டுப்புழுக்கள் மேலே புரண்டு வரும். ஏருக்கும் டிராக்டருக்கும் பின்னால் மைனா, காகம், உண்ணிக்கொக்கு, கரிச்சான் என்று வரிசையாக வருகின்றனவே, அவை பொறுக்கித் தின்பது இவற்றைத்தான். கோடை உழவைப் பரிந்துரைப்பதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. பறவை வராத நிலத்தில் அந்த உழவின் பலனில் ஒரு பங்கு குறைகிறது.

வளர்ந்த கம்பளிப்புழுவின் மேல் ரோமம் இருப்பதால் பல பறவைகள் அதைத் தொடுவதில்லை. ஆனால் பருவமழையோடு வரும் சுடலைக்குயிலுக்கு ரோமப் புழுதான் விருப்பமான தீனி. இரட்டைவால் குருவி என்று நாம் சொல்லும் கரிச்சான், பறக்கும் அந்துப்பூச்சியையும் துவரையில் உள்ள காய்ப்புழுவையும் பிடிக்கும். ஓர் அந்துப்பூச்சி முட்டையிடும் முன் பிடிபட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் பிறக்காமலே போகும். இரவில் கூகை ஒன்று முதல் மூன்று எலிகள் வரை பிடித்துத் தின்னும். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

தானியம் தின்னும் பறவைகளையும் முழு எதிரியாகப் பார்க்க வேண்டாம். சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் கதிரில் உட்காருவது உண்மைதான். ஆனால் அவை தம் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான்.

சீனா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1958-ல் எலி, ஈ, கொசு இவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து ஒழிக்க அங்கே இயக்கம் நடந்தது. மக்கள் தெருவுக்கு வந்து தட்டும் பறையும் அடித்து, குருவிகளை உட்கார விடாமல் விரட்டியே கொன்றார்கள். பயிரில் பூச்சிகள் பெருகின. 1960-ல் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே வந்த பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குருவிகளைக் கொன்றதும் அவற்றில் ஒன்று.

பறவை இருந்தால் மருந்தே தேவைப்படாது என்று நான் சொல்லவில்லை. பூச்சி பெருகிப் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டிவிட்டால் வேறு வழிகளைக் கையாளத்தான் வேண்டும். அந்த நிலையை எட்டும் முன்பே பூச்சியின் எண்ணிக்கையை அடக்கி வைப்பதே பறவையின் வேலை.

ஏன் குறைகின்றன?

‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2023-ல் வெளியானது. நாடு முழுவதும் சுமார் 30 ஆயிரம் பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடி பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். நீண்ட காலப் போக்கைக் கணக்கிட முடிந்தவை 338 வகைகள். அவற்றில் 60 சதவீதம் குறைந்துவிட்டன. கம்பியிலும் பனையிலும் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் நம் பனங்காடையும் வேகமாகக் குறைந்துவரும் பறவைகளில் ஒன்று. புல்வெளி, புதர்க்காடு, தரிசு போன்ற திறந்த வெளிகளில் வாழும் பறவைகளுக்குத்தான் அடி பலமாக விழுந்திருக்கிறது. நம் மாவட்டத்து மானாவாரிக் காடுகளும் கரடுகளும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

வேட்டை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டோம். வரப்புப் புதர்களைப் பொக்லைன் வைத்து வழித்தோம். பூச்சிமருந்து அடித்து இரையையும் இல்லாமல் செய்தோம். இத்தனைக்கும் தப்பி மிச்சமிருப்பவற்றைத்தான் கண்ணியும் வலையும் உண்டிவில்லும் நாட்டுத் துப்பாக்கியும் முடிக்கின்றன.

கவுதாரி, காடை போன்றவை தரையில் கூடு வைப்பவை. கவுதாரி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதிகமாக இனப்பெருக்கம் செய்யும். நாம் விதைத்துக் களை எடுக்கும் காலமும் அதுதான். பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு மற்றவற்றை வரவழைக்கும் பழைய முறையில், தன் எல்லையைக் காக்கச் சண்டைக்கு வரும் பறவைதான் சிக்கும். அதாவது, கூடும் குஞ்சும் உள்ள ஜோடியில் ஒன்று. தாய் அகப்பட்டால் அடையில் இருக்கும் ஆறேழு முட்டையும் அதோடு போச்சு. கண்ணியில் ஒன்று விழுந்தாலும் கணக்கில் குறைவது ஏழெட்டு.

இதை எந்த ஒரு சமூகத்தின் தலையிலும் கட்ட முடியாது. வறுமையில் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்து பொழுதுபோக்காக உண்டிவில்லும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பும் இளைஞர்களும் இருக்கிறார்கள். காசு கொடுத்து அந்தக் கறியை வாங்குபவர்கள் இருக்கும் வரை இது நிற்காது.

மயிலை என்ன செய்வது?

"பறவையைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க, என் தக்காளியை மயில் கொத்துதே?" என்று பாலக்கோடு, காரிமங்கலம் பகுதி விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி. பல பறவைகள் குறையும்போது மயில் பெருகிவருவதாக அதே 2023 அறிக்கையும் சொல்கிறது. முளைத்த நிலக்கடலையையும் ராகிக் கதிரையும் தக்காளியையும் அது சேதப்படுத்துகிறது. அந்த நஷ்டத்தை இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் விஷம் கலந்த தானியத்தைத் தூவுவது இதற்குத் தீர்வல்ல. விஷத்துக்கு மயில், மைனா என்ற வித்தியாசம் தெரியாது. கவுதாரி, புறா, உங்கள் வீட்டு நாட்டுக்கோழி என்று எது தின்றாலும் சாகும். செத்ததைத் தின்னும் நாயும் கழுகும் சாகும். சட்டத்தின் பிடியும் கடுமையானது.

மயில் தொல்லைக்குச் செலவு குறைந்த வழிகள் சில உண்டு. நிலக்கடலையை மேலாக விதைக்காமல் உரிய ஆழத்தில் விதைத்து மூடுங்கள். முளைக்கும் முதல் பத்து நாளும் காய் முற்றும் கடைசி இரண்டு வாரமும் அதிகாலையிலும் மாலையிலும் காவல் இருங்கள். மின்னும் பிரதிபலிப்பு நாடாவை வடக்கு–தெற்காக, கதிருக்குச் சற்று மேலே, 5 மீட்டர் இடைவெளியில் முறுக்கிக் கட்டுங்கள். எல்லா முறைக்கும் பறவை நாளடைவில் பழகிவிடும். அதனால் சேதம் வரும் நாட்களில் மட்டும் கட்டி, பிறகு அவிழ்த்துவிடுங்கள். ஊரில் ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால் எல்லாப் பறவையும் அந்த நிலத்துக்கே வரும். பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசி ஒரே சமயத்தில் விதைத்தால் சேதம் பரவலாகப் பிரிந்து குறையும்.

சட்டம் சொல்வது

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கொல்வது மட்டும் வேட்டை ஆகாது. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். சொந்தப் பட்டா நிலத்தில் செய்தாலும் குற்றமே. திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறையும், 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கறியை விற்பதும் வாங்குவதும்கூடச் சிக்கலில் கொண்டுபோய் விடும். வேட்டைக்குப் பயன்படுத்திய பைக்கும் பறிமுதலாகும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு வரும்.

காடைக் கறி பிடிக்கும் என்றால் பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை இருக்கிறது. ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்குத் தயாராகிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இதற்கெனத் தனி இனமே உருவாக்கியிருக்கிறது. கண்ணி வைப்பதை வருமானமாக நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்தத் தொழிலை அறிமுகப்படுத்துவது விரிவாக்கப் பணியாளர்கள் செய்யக்கூடிய நல்ல காரியம்.

உங்கள் நிலத்தில் செய்ய வேண்டியவை

* துவரை, நிலக்கடலை, அவரை வயலில் ஏக்கருக்கு 20 என்ற கணக்கில் ‘டி’ வடிவப் பறவைத் தாங்கிகளை நடுங்கள். பயிரைவிட ஓரிரு அடி உயரம் இருந்தால் போதும். காய்ந்த குச்சியே போதுமானது, செலவில்லை.

* ராகி, சோளம், சாமையில் பால் பிடிக்கும் பருவம் வந்ததும் தாங்கிகளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கு அதுவே இருக்கையாகிவிடும்.

* எலித் தொல்லை உள்ள நெல் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வையுங்கள். இரவில் ஆந்தையும் கூகையும் வந்து உட்காரும். கூகை கத்தினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிய வேண்டாம்.

* கோடை உழவைப் பகலில் செய்யுங்கள். பின்னால் வரும் பறவைகளை விரட்டாதீர்கள்.

* வேலியோரம் மூன்றடி அகலமாவது கிளுவை, நொச்சி, ஆவாரை, இலந்தையை விட்டு வையுங்கள். களை எடுக்கும்போதோ அறுவடையிலோ தரையில் கூடு தென்பட்டால், சுற்றிலும் நாலு செடியை விட்டுவிட்டு அறுங்கள்.

* மருந்து கலந்த விதையை மண்ணின் மேல் சிதற விடாதீர்கள். மீதம் இருந்தால் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள்.

* கண்ணி, வலை, விஷத்தீனி கண்ணில் பட்டால் அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஊர் கூடினால் முடியும்

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை அந்த ஊர் மக்கள் காக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் போய் முறையிட்டுத் தடை உத்தரவே வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

நம் ஊருக்கு ஏரியும் சரணாலயமும் இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ‘எங்கள் ஊர் எல்லையில் கண்ணியும் விஷமும் வைக்க மாட்டோம்’ என்று ஒரு தீர்மானம் போடலாம். வேளாண் உதவி அலுவலர்கள் பண்ணைப் பள்ளி நடத்தும்போது, பூச்சியைக் காட்டும் நாளிலேயே அந்தப் பூச்சியைத் தின்னும் பறவையையும் வயலில் நின்று காட்டலாம்.

அந்தப் பெரியவரின் காட்டுக்கு மறுபடி போனபோது கரையானுக்கும் கம்பளிப்புழுவுக்கும் வழி சொல்லிவிட்டு வந்தேன். கண்ணியைப் பற்றியும் பேசினோம். கொஞ்ச நேரம் யோசித்தவர், "ரெண்டு வருஷம் வைக்காம விட்டா சத்தம் திரும்ப வருமா சார்?" என்று கேட்டார். வேலியில் புதர் இருந்து, பக்கத்துக் காட்டுக்காரரும் கண்ணி வைக்காமல் இருந்தால் வரும் என்றேன். கவுதாரி ஓர் ஈட்டில் ஆறேழு முட்டை இடும் பறவை. விட்டுவைத்தால் அது தானாகவே பெருகும்.