திருப்பமா, காதில் பூவா?

தொலைக்காட்சி நாடகத்தின் கடைசி அங்கம். 15 வாரங்களாக ஒரு குடும்பத்தை ஆட்டிப்படைத்த வில்லன், சொத்துப் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு காரில் பறக்கிறான். எதிரே ஒரு லோரி. பிரேக் சத்தம். திரை இருள்கிறது. அடுத்த காட்சியில் குடும்பம் முழுவதும் சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறது. பத்திரமும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. சுபம். வாரந்தவறாமல் பார்த்துவந்த பாட்டி, "இதற்குத்தானா இத்தனை நாள் உட்கார வைத்தார்கள்?" என்று கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார்.

அதே பாட்டிதான், நன்றாகப் பின்னப்பட்ட ஒரு கதையில் எதிர்பாராத திருப்பம் வரும்போது "அடப்பாவி!" என்று கன்னத்தில் கை வைக்கிறார். லோரியும் எதிர்பாராததுதான், அந்தத் திருப்பமும் எதிர்பாராததுதான். ஒன்று இனிக்கிறது, மற்றது காதில் பூ சுற்றுவதாகத் தோன்றுகிறது. ஏன் இந்த வேறுபாடு? எழுதுபவர்கள் மட்டுமல்ல, படிப்பவர்களும் பார்ப்பவர்களும் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

நம்ப முடியாததுதான் குறையா?

"நம்பும்படியாக இல்லை" என்பதே பலரும் சொல்லும் பதில். ஆனால், அது முழுமையான பதில் ஆகாது. சாலையில் லோரி மோதி ஒருவர் இறப்பது நம்ப முடியாத செய்தியா? நாளிதழ் படிப்பவர்களுக்கு அது பழகிப்போன செய்தி. புதிதாக எழுத வருபவர்களிடம் முடிவைக் குறை சொன்னால், "இது எங்கள் பக்கத்து வீட்டில் உண்மையாகவே நடந்தது" என்று வாதாடுவார்கள். நடந்திருக்கலாம். அதற்காகக் கதைக்குள் அதற்குத் தனிச் சலுகை கிடையாது. நடக்கக்கூடியதாயினும் மனம் ஒப்பாத ஒன்றைவிட, நடக்கவே முடியாததாயினும் மனம் ஒப்பும் ஒன்றே கவிஞனுக்கு ஏற்றது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கருத்துரைத்திருக்கிறார்.

லோரியிடம் உள்ள உண்மையான குறை வேறு. 15 வாரங்களாக அந்தக் குடும்பம் பட்ட பாடு, எடுத்த முடிவுகள், செய்த தவறுகள் ஆகிய எதற்குமே அந்த முடிவில் பங்கில்லை. அவர்கள் முதல் வாரத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருந்தாலும் லோரி வந்திருக்கும், பத்திரம் கிடைத்திருக்கும். கணக்குப் பார்த்தால், அந்த நாடகத்தின் கதாநாயகன் முகமே காட்டாத லோரி ஓட்டுநர்தான்!

ஓர் அட்டிகையின் கதை

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் அட்டிகைக் கதையைப் பள்ளிப் பாடமாகவோ மொழிபெயர்ப்பாகவோ படித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. 1884ஆம் ஆண்டில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த சிறுகதை அது. கல்வி அமைச்சில் வேலை பார்க்கும் ஒரு சாதாரண எழுத்தரின் மனைவி மத்தில்ட். ஒருநாள் அமைச்சின் விருந்துக்கு அழைப்பு வருகிறது. பணக்காரத் தோழியிடம் வைர அட்டிகை ஒன்றை இரவல் வாங்கிப் போகிறாள். திரும்பி வரும்போது அட்டிகை கழுத்தில் இல்லை. தோழியிடம் உண்மையைச் சொல்லக் கூச்சம். 36,000 பிராங்க் கொடுத்து அதேபோல் ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கக் கணவனும் மனைவியும் 10 ஆண்டுகள் மாடாய் உழைக்கிறார்கள். அழகும் இளமையும் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோழியைத் தெருவில் சந்திக்கிறாள். தொலைந்தது போலி நகை, அதிகம் போனால் 500 பிராங்க்தான் பெறும் என்று அப்போதுதான் தெரியவருகிறது.

முதல்முறை படிப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். பிறகு புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால்தான் மாப்பசான் செய்த வேலை புரியும். தோழி நகையைக் கொடுக்கும்போது சிறிதும் தயங்கவில்லை. விலைமதிப்பற்ற வைரம் என்றால் யாராவது அப்படிக் கொடுப்பார்களா? பெட்டியில் பெயர் இருந்த நகைக்கடையில் போய் விசாரித்தபோது, பெட்டி மட்டுமே தங்களுடையது, நகை தாங்கள் விற்றதல்ல என்று கடைக்காரர் கணக்கைப் பார்த்துச் சொல்கிறார். புது நகையைத் திருப்பிக் கொடுத்தபோதும் தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த மூன்றாவது குறிப்புதான் உச்சம். அந்த இடத்தில் மத்தில்டின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நகை மாறியிருப்பதைத் தோழி கண்டுபிடித்துவிட்டால் திருடி என்றல்லவா நினைப்பாள்? வாசகரும் அவளோடு சேர்ந்து அதையேதான் அஞ்சுகிறார். பெட்டி திறக்கப்படவில்லை என்றதும் "அப்பாடா" என்று மூச்சு விடுகிறாரே தவிர, "ஏன் திறக்கவில்லை?" என்று கேட்பதில்லை. உண்மை கண்ணெதிரே கிடக்கிறது. கவனம் வேறொரு கவலையில் இருக்கிறது. ஒளித்து வைப்பது என்றால் பூட்டி வைப்பது அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை கிடைப்பது அரிது.

இந்தக் கதையில் தற்செயல் இல்லையா என்றால், உண்டு. நகை தொலைந்தது தற்செயல். தெருவில் தோழியைச் சந்தித்ததும் தற்செயல். ஆனால் முதலாவது அவளைச் சிக்கலில் மாட்டிவிட்டது. இரண்டாவது அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமையையும் பறித்துவிட்டது. எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை. மறுநாள் காலையே தோழியிடம் நடந்ததைச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். சொல்லவிடாமல் தடுத்தது அவளுடைய வீண் கௌரவம். ஆக, திருப்பம் வானத்திலிருந்து விழவில்லை, மத்தில்டின் குணத்திலிருந்தே முளைத்தது. ஒன்பதாவது ஆண்டில் ஒரு பணக்கார மாமா இறந்து, உயில் வந்து கடன் தீர்ந்ததாக மாப்பசான் எழுதியிருந்தால், 140 ஆண்டுகளுக்குப் பிறகும் அதை யார் பேசிக்கொண்டிருப்பார்கள்?

மதுரையில் ஒரு பொற்கொல்லன்

நகையைப் பற்றிய பேச்சு வந்தால் தமிழர்களுக்குச் சிலம்பு நினைவுக்கு வராமல் போகாது. சிலப்பதிகாரத்தின் நடுவே ஒரு மாபெரும் தற்செயல் இருக்கிறது. மதுரை போன்ற பெருநகரில் எத்தனையோ பொற்கொல்லர்கள் இருந்திருப்பார்கள். கோவலன் சிலம்பை விற்கப் போனபோது எதிர்ப்பட்டவனோ, அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லன்! இன்றைக்கு ஓர் இளம் எழுத்தாளர் இப்படி எழுதிச் சிறுகதைப் போட்டிக்கு அனுப்பினால் நடுவர் சிவப்பு மையால் வட்டம் போடுவார்.

ஆனாலும் காப்பியத்தைப் படிக்கும்போது அது உறுத்துவதில்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதை இளங்கோவடிகள் பதிகத்திலேயே அறிவித்துவிடுகிறார் என்பது ஒரு காரணம். அந்தத் தற்செயல் கோவலனின் உயிரைக் குடித்தது என்பது அதைவிட வலுவான காரணம். கெடுதல் செய்யும் தற்செயலை யாரும் சந்தேகிப்பதில்லை.

முடிச்சு அவிழும் இடத்தையும் கவனிக்க வேண்டும். பாண்டியன் அவையில் கண்ணகிக்காகச் சாட்சி சொல்ல ஒருவரும் ஓடிவரவில்லை. திருடிய பொற்கொல்லன் மனம் மாறி உண்மையைக் கக்கவும் இல்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் மன்னன். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பு கொண்டுவந்து வைக்கப்படுகிறது. கண்ணகி அதை உடைக்க, மாணிக்கம் தெறிக்கிறது. அந்தச் சிலம்பு புதிதாக வந்ததா? பிரிவில் வாடிய கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை என்று புகார்க் காண்டத்திலேயே காட்டப்பட்டுவிட்டது. பொருளெல்லாம் இழந்து கோவலன் வீடு திரும்பியபோது, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்க முன்வந்தவளும் அவள்தான். அன்று அன்பினால் கொடுத்த பொருளே அவனைக் கொன்றது. அதுவே அவன் கள்வன் அல்லன் என்றும் நிறுவியது.

மதுரையை எரித்த தீ தெய்வச் செயல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தீ எழுவதற்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது, மன்னனும் உயிர் துறந்துவிட்டான். தீ அங்கே தீர்வாக வரவில்லை.

தீர்வாகவே தெய்வத்தை இறக்கியவர்கள் பண்டைய கிரேக்க நாடகாசிரியர்கள். மேடைக்குப் பின்னால் பாரந்தூக்கி போன்ற ஒரு பொறி இருக்கும். அதில் தொங்கியபடி தெய்வம் வந்து சிக்கலைத் தீர்த்துவைக்கும். கி.மு. 431இல் யூரிப்பிடீஸ் அரங்கேற்றிய 'மெடியா' நாடகத்தில், பெற்ற பிள்ளைகளையே கொன்ற நாயகி சூரியனின் தேரில் ஏறித் தப்பிவிடுகிறாள். கதையின் முடிவு கதைக்குள்ளிருந்தே வரவேண்டும், பொறியிலிருந்து வரக்கூடாது என்று அரிஸ்டாட்டில் கண்டித்தது இந்த முடிவைத்தான். அவள் சூரியனின் பேத்தி என்று நாடகத்தில் முன்பே சொல்லப்பட்டிருக்கிறதே என்று யூரிப்பிடீசுக்காக வாதாடுபவர்களும் உண்டு. தாத்தாவின் பெயரைச் சொல்வது வேறு, அவர் தேர் அனுப்புவார் என்று எதிர்பார்க்க வைப்பது வேறு.

சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல்

தமிழ்த் திரையில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 1964இல் வந்த 'புதிய பறவை'. (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்!) சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபாலாக சிவாஜி கணேசன், கப்பலில் அறிமுகமாகும் லதாவாக சரோஜாதேவி. காதல் மலர்கிறது. ரயிலைக் கண்டாலே கோபால் நிலைகுலைகிறார். முதல் மனைவி சித்ரா தண்டவாளத்தில் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவர் சொல்லும்போது, பார்ப்பவர்களுக்கு அவர்மேல் இரக்கம் பிறக்கிறது. மறுமணத்துக்கு ஏற்பாடு நடக்கும் வேளையில் இறந்துபோன சித்ராவே வந்து நிற்கிறாள். இவள் யார், எதற்காக வந்தாள் என்று எல்லாரும் தவிக்கிறார்கள். கோபால் என்ன செய்தார் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில், தன் கைபட்டு இறந்த மனைவியைத் தண்டவாளத்தில் கிடத்தியது தானே என்று அவர் வாயாலேயே வெளிவருகிறது. லதாவோ உண்மையை வரவழைக்க வந்த காவல்துறைப் பெண்.

இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்ப்பது முற்றிலும் வேறோர் அனுபவம். முதல்முறை சோகமாகத் தெரிந்த ரயில் காட்சி, இப்போது குற்ற உணர்ச்சியாகத் தெரிகிறது. நடிப்பு மாறவில்லை, காட்சி மாறவில்லை. பொருள் மட்டும் மாறிவிட்டது. சம்பாதித்த திருப்பத்துக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. லோரி முடிவுள்ள நாடகத்தை இரண்டாம் முறை பார்த்தால் அதே லோரிதான் வரும்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. சித்ராவைப் போலவே அச்சாக இன்னொரு பெண் எங்கே கிடைத்தாள் என்று கேட்டால் கதை சற்றுத் தடுமாறத்தான் செய்யும். துப்பறியும் கதைகளுக்கென்று 1929இல் பத்து விதிகளை வகுத்த ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், முன்கூட்டியே தக்கபடி தயார்ப்படுத்தாமல் இரட்டையரையோ ஒரே சாயல் கொண்டவரையோ கொண்டுவரக் கூடாது என்று ஒரு விதியையே ஒதுக்கியிருந்தார். தற்செயல் எதுவும் துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அமானுஷ்ய சக்திகளுக்கும் தடை போட்டிருந்தார். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பது சுவையான செய்தி! ஆயினும் 'புதிய பறவை'யின் சாயல் பெண் நாயகனைக் காப்பாற்ற வரவில்லை, அவன் கழுத்தை நெரிக்க வருகிறாள். ரசிகர்கள் பெருந்தன்மையோடு மன்னித்தது அதனால்தான்.

ஒரே நாளில் திருந்தும் அப்பா

நாடகம் எழுதுபவர்களுக்கும் நெருக்கடி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அங்கங்களின் எண்ணிக்கை முன்பே முடிவாகிவிடும். நடிகர் திடீரென்று விலகிவிடுவார். முதல் அங்கங்கள் ஒளியேறிய பிறகுதான் முடிவைப் பற்றிய யோசனையே தொடங்கும். ஒளியேறியதற்குள் புகுந்து விதை போட முடியாது. ஆனால் ஏற்கெனவே விதைத்து மறந்துபோனவை இருக்கும். இரண்டாம் வாரத்தில் யாரும் எடுக்காமல் மணியடித்து ஓய்ந்த தொலைபேசி, எதற்கென்றே சொல்லப்படாமல் பாட்டியின் இடுப்பில் தொங்கிய சாவி. பழைய அங்கங்களைப் போட்டுப் பார்த்து அவற்றைத் தேடுவது லோரி பிடிப்பதைவிடச் செலவு குறைந்த வேலை. சிறுகதை எழுதுபவருக்கு இந்தச் சிரமமும் இல்லை. முடிவை எழுதிவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக அவரை யார் தடுக்கிறார்கள்?

இருந்தும் நம் வட்டாரச் சிறுகதைகளில் மிக அதிகமாகப் புழங்கும் லோரிக்குச் சக்கரமே கிடையாது. அதன் பெயர் மனந்திருந்துதல். 20 ஆண்டுகள் குடித்த அப்பா, ஆசிரியர் ஒருவர் ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னதும் பாட்டிலை உடைத்தெறிகிறார். குண்டர் கும்பலில் சேர்ந்த மகன், அம்மாவின் ஒரு துளிக் கண்ணீரில் கத்தியைக் கீழே போடுகிறான். நல்லெண்ணத்தில் எழுதப்படுபவைதாம் இவை. ஆனால், அப்படிப்பட்ட வீட்டில் வளரும் ஒரு பிள்ளை இந்தக் கதையைப் படித்தால் என்ன நினைக்கும்? அந்த வீட்டில் அம்மா அழுது பார்த்தாகிவிட்டது, ஆசிரியரும் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கதையில் மட்டும் நடக்கிறதென்றால், ஒன்று கதை பொய், அல்லது தன் அம்மாவின் கண்ணீரில் ஏதோ குறை. இரண்டாவதை அந்தப் பிள்ளை நம்பிவிடக் கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

அப்பா மாறக்கூடாது என்பதல்ல. மாறுவதற்கான விதை எங்கே என்பதுதான் கேள்வி. முதல் பக்கத்தில் அவர் தோட்டத்துப் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பவராக வரட்டும். கை அவ்வளவு சுத்தம் என்று ஊரே சொல்லட்டும். நடுவில் மகள் பள்ளிக்குப் போகும் சைக்கிளையே விற்றுக் குடித்துவிடட்டும். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் நடந்து போகட்டும். பழைய இரும்புக் கடையிலிருந்து சட்டமும் சக்கரமும் பொறுக்கிவந்து ஒருநாள் அவர் வாசலில் உட்காருகிறார். திருகாணியைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. சாயங்காலம் சைக்கிள் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் மகள் அதன்மேல் ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கு நடக்கிறாள்.