உயிரினப் பாகுபாடும் அரசின் பொருளுதவியும்

பொருள்களைப் பகுத்துப் பெயரிட்டறிதல் அறிவின் முதற்படியாகும். தொல்காப்பியர் தமது மரபியலிலே உலகத்துயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்தமை தமிழ் கற்றார் நன்கறிந்ததொன்று. மேலைநாட்டிலே, சுவீடன் தேசத்து இலின்னேயசு என்பார் தாவரங்களைப் பற்றி 1753இலும் விலங்குகளைப் பற்றி 1758இலும் வெளியிட்ட நூல்கள், ஒவ்வோருயிருக்கும் சாதிப்பெயர், இனப்பெயர் என்னும் இரு சொற்களாலாய பெயரை வழங்கும் இக்கால முறைக்கு அடிப்படையாயின. இவ்வாறு உயிர்களின் ஒற்றுமை வேற்றுமைகளை ஆராய்ந்து வகுத்துப் பெயரிடும் துறை பாகுபாட்டியல் எனப்படும்.

இத்துறையின் பணி முன்னரே முடிந்துவிட்டதெனக் கருதுவாருமுளர். அக்கருத்துப் பொருந்தாது. 2011ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணிப்பின்படி, பற்றீரியா முதலியவற்றை நீக்கி, உலகில் ஏறக்குறைய 87 இலட்சம் இனங்கள் உள்ளன. அவற்றுள் அக்காலத்துப் பதிவேடுகளில் இடம்பெற்றவை 12 இலட்சமளவே. எஞ்சியவை பெயரின்றி வாழ்கின்றன. பெயர் பெறுமுன்னரே அழிந்தொழிவனவும் உள. இந்நிலையிலும், அரசுகள் செலவைச் சுருக்கப் புகுமிடத்து எளிதிற் குறைக்கப்படும் துறைகளுள் இதுவும் ஒன்றாய் இருந்துவருகின்றது.

பெயரைச் சரியாக அறிதலால் விளையும் பயன் யாது என்னும் வினாவுக்கு இலங்கையின் நீர்நிலைகளே விடை தரும். சல்வீனியா என்னும் நீர்ப்பன்னம் தென்னமெரிக்காவுக்குரியது. அது 1939ஆம் ஆண்டிலே தாவரவியற் கற்கையின் பொருட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது குளங்களிலும் வாய்க்கால்களிலும் நெல்வயல்களிலும் பரவி உழவர்க்கு இடுக்கண் விளைத்தது. ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களிலும் இதே தொல்லை தோன்றிற்று. இப்பன்னத்தை அறிஞர் சல்வீனியா அவுரிக்குலாற்றா என்னும் வேறோரினமாகக் கொண்டிருந்தனர். ஆதலால், அவ்வினம் வளரும் நாடுகளிலேயே அதனை உண்ணும் பூச்சிகளைத் தேடிக் கொணர்ந்து விடுத்தனர். அம்முயற்சிகள் போதிய பயனளிக்கவில்லை.

1972ஆம் ஆண்டிலே மிச்சல் என்னும் தாவரவியலறிஞர், இது தனியோரினமென நிறுவிச் சல்வீனியா மொலெசுற்றா எனப் பெயரிட்டார். அதன்பின் அதன் தாயகத்தைத் தேடும் முயற்சி நேர்வழியிற் சென்றது. 1978இல் அத்தாயகம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியெனக் கண்டறியப்பட்டது. அங்கு இப்பன்னத்தை உண்டு வாழ்ந்த சிறு மூக்குவண்டு 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் விடப்பட்டது. ஓராண்டுக்குச் சற்றுப் பிந்திய காலத்துள் ஏரியை மூடியிருந்த பன்னம் பெரும்பாலும் அழிந்தது. அவ்வண்டும் முன்னர்க் கருதப்பட்ட இனமன்று, புதியதோரினமென்பது 1985இற் புலனாயிற்று. 1986இல் அது இலங்கைக்குக் கொணரப்பட்டது. அம்முயற்சியால் விளைந்த நன்மை அதற்கான செலவின் 53 மடங்கெனப் பின்னர்க் கணக்கிடப்பட்டது. பன்னம் வந்த ஆண்டுக்கும் வண்டு வந்த ஆண்டுக்கும் இடையே 47 ஆண்டுகள் கழிந்தன. அவற்றுள் 33 ஆண்டுகள் உரிய பெயர் அறியப்படாமலே கழிந்தவை.

இத்தகைய பயன் பல்லாண்டுகட்குப் பின்னரே வெளிப்படுவது. அரசின் வரவுசெலவுத் திட்டமோ ஆண்டுதோறும் வகுக்கப்படுவது. உடனடிப் பயன் காட்டமாட்டாத துறை பொருள் பெறுதற்கு இடர்ப்படுதற்குக் காரணம் இதுவேயாம். பிரித்தானியாவின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். உலகப் புகழ்பெற்ற கியூ தாவரவியற் பூங்காவையும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையையும் உடையது அந்நாடு. அங்குப் பிரபுக்கள் சபையின் விஞ்ஞானக் குழு 1992, 2002, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளில் இத்துறையின் தளர்ச்சி குறித்து அறிக்கை வெளியிட்டது. பூஞ்சணவியல் போன்ற பிரிவுகளில் நிலைமை மிகவும் நெருக்கடியானதென மூன்றாம் அறிக்கை எடுத்துக்காட்டியது. ஆயினும், 2014இல் கியூ பூங்கா ஏறத்தாழ 50 இலட்சம் பவுண் பற்றாக்குறையை எதிர்நோக்கி, நூற்றுக்கு மேற்பட்ட பதவிகளைக் குறைக்க முற்பட்டது.

பொருட்குறைவால் ஏற்படும் இழப்பு இருவகைத்து. ஒன்று அறிஞரின் இழப்பு. ஒரு பூச்சிக் குடும்பத்தையோ பூஞ்சணக் கூட்டத்தையோ ஐயமற அறிதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். ஆசிரியர் ஓய்வுபெறுமுன் மாணவர் நியமிக்கப்படாவிடின், ஏட்டில் எழுதப்படாத நுண்ணறிவு அவரோடு மறைந்துவிடும். மற்றையது மாதிரிகளின் இழப்பு. எம்மாதிரியைக் கொண்டு ஓரினத்துக்கு முதன்முதற் பெயரிடப்பட்டதோ அதுவே அப்பெயருக்குச் சான்றாகும். அது கெடின் பின்வரும் ஐயங்களைத் தீர்ப்பது அரிதாகும்.

பிரேசிலின் தேசிய நூதனசாலைக்கு நேர்ந்தது இவ்விரண்டாம் இழப்பு. 1818இல் றியோ டி ஜெனீரோ நகரில் நிறுவப்பெற்ற அச்சாலையில் ஏறக்குறைய 2 கோடிப் பொருள்கள் இருந்தன. 2014 முதல் அதன் பராமரிப்புக்குரிய ஆண்டுப்பணம் முழுமையாகக் கிடைக்கவில்லை. 2018 யூன் மாதத்தில், தீத்தடுப்பு உள்ளிட்ட திருத்தங்களுக்காக அரச வங்கியொன்றுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அப்பணம் வந்துசேருமுன், செத்தெம்பர் 2ஆந் திகதி இரவு கட்டடம் தீப்பற்றிற்று. ஏறக்குறைய 50 இலட்சம் பூச்சி மாதிரிகளைக் கொண்ட தொகுதி பெரும்பாலும் சாம்பராயிற்று. வேறொரு கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்த உலர்தாவரத் தொகுதி தப்பியது.

மரபணு ஆராய்ச்சி வளர்ந்துவிட்ட இந்நாளில் பழைய முறை எதற்கு என்பாருமுளர். மரபணுக் குறிப்பு ஓருயிர் மற்றொன்றின் வேறென்பதைக் காட்டவல்லது. ஆயின் அவ்வுயிர் இன்னதெனக் கூறுதற்கு, முன்னரே சரியாகப் பெயரறியப்பட்ட மாதிரியின் குறிப்போடு அதனை ஒப்புநோக்கல் வேண்டும். எனவே, புதிய முறை பழைய முறைக்குத் துணையாவதன்றி அதற்கு ஈடாகாது.

பெருந்திட்டங்களோடு ஒப்பிடின் இத்துறை வேண்டுவது சிறுதொகையே. அது ஆண்டுதோறும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். சாலைக்கும் பாலத்துக்கும் உரிய பணத்தை ஓராண்டு நிறுத்தி மறு ஆண்டு கொடுத்தால் வேலை பிந்துமேயன்றி அழியாது. பாகுபாட்டியலிலோ, இடைப்பட்ட காலத்தில் மறைந்த அறிஞரையும் கெட்டொழிந்த மாதிரியையும் பின்னர்க் கொடுக்கும் பணம் மீட்டுத்தராது. செலவைக் குறைக்க எண்ணும் அரசுகள் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளுதல் கடனாம்.