இதிலும் ‘மதுரை’, அதிலும் ‘மதுரை’... ஆனாலும் பொருந்தவில்லை! டேட்டா ஃபைலில் ஒளிந்திருக்கும் ‘என்டர்’

இரண்டு சிஎஸ்வி ஃபைல்கள். இரண்டிலும் கடைசி நெடுவரிசையில் ஊர்ப் பெயர். அதை வைத்து இரண்டையும் இணைக்கச் சொன்னால், லினக்ஸ் கமாண்ட் ஒரு வரிகூடத் தராமல் கையை விரிக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் இதிலும் மதுரை, அதிலும் மதுரை. என்னதான் பிரச்சினை?

ஒரு ஃபைலில் ‘மதுரை’யின் வாலில் திரையில் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் கேரேஜ் ரிட்டர்ன். ஆஸ்கி அட்டவணையில் எண் 13.

இது டெலிடைப் காலத்து மிச்சம். நொடிக்கு 10 எழுத்து அடித்த டெலிடைப் மாடல் 33இல் வரி முடிந்ததும் இரண்டு வேலை. அச்சு முனை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், அதற்கு 13. காகிதம் ஒரு வரி நகர வேண்டும். அதற்கு 10, அதாவது லைன் ஃபீட். பிறகு ஆளுக்கொரு வழி. யூனிக்ஸ் ‘10 மட்டும் போதும்’ என்றது, லினக்ஸும் அப்படியே. டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. பழைய மேக் 13ஐ மட்டும் எடுத்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகே 10க்கு மாறியது. விண்டோஸின் நோட்பேட், யூனிக்ஸ் ஃபைலை ஒழுங்காக வரி பிரித்துக் காட்டவே 2018 ஆகிவிட்டது!

விண்டோஸில் சேமித்த ஃபைல் லினக்ஸுக்குப் போனால், பல கமாண்டுகளுக்கு அந்த 13 டேட்டாவின் பகுதி. எரர் வந்தால்கூடப் பரவாயில்லை, தேடிப் பிடிக்கலாம். இரு இடங்களிலிருந்து வந்த ஃபைல்களை ஒட்டி ஒன்றாக்கியிருந்தால், சில வரிகளில் 13 உண்டு, சிலவற்றில் இல்லை. பொருந்தாதவை சத்தமில்லாமல் விடுபடும்; குறைந்த கூட்டுத்தொகை அப்படியே ரிப்போர்ட்டில் ஏறிவிடும். எக்ஸெல்லில் திறந்தால் ‘எல்லாம் சரியாத்தானே இருக்கு’ என்றுதான் தோன்றும்.

இதற்கு விதியே இல்லையா? 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180, வரி முடிவில் 13, 10 இரண்டும் வர வேண்டும் என்கிறது. ஆனால் அது தகவல் ஆவணம்தான், கட்டாயம் கிடையாது. முகவரிக்கு நடுவில் யாராவது என்டர் தட்டியிருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கவும் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வரிவரியாக வெட்டும் நிரலுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஒரு வாடிக்கையாளர் இரண்டாகிவிடுவார்.

விஎஸ் கோடில் ஃபைலைத் திறந்தால் கீழ்ப்பட்டையில் ‘சிஆர்எல்எஃப்’ அல்லது ‘எல்எஃப்’ என்று இருக்கும். அதைத் தட்டி மாற்றலாம். லினக்ஸில் ‘டாஸ்2யூனிக்ஸ்’ கமாண்ட் அதே வேலையைச் செய்யும். மாற்ற வேண்டியது ஃபைல்களை இணைப்பதற்கு முன்பு. இணைத்த பிறகு வரிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டே ரிப்போர்ட்டை மேலே அனுப்புங்கள்.